துண்டுக்கு அடியில் எடை கேட்டவர்

கிறீச்.

காலையில் பழைய பேப்பர்காரர் வாசலில் நின்று தராசைத் தூக்கிப் பிடித்தார். கொக்கியில் ஒரு மாதத்துச் செய்திகள் கயிறு கட்டித் தொங்கின. உள்ளே சுருள்கம்பி இழுபட்டு, துருவோடு துரு உரசி, கிறீச்சென்றது. "ஆறரை கிலோம்மா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"மெதுவாச் சொல்லுங்க," என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது. பழைய பேப்பர்மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள்?

அந்தச் சத்தம் என்னை விடவில்லை. காப்பி ஆறியது. கிறீச்சுக்குள் ஒரு ஓட்டுக் கட்டிடம், அதில் ஒரு உத்திரம், உத்திரத்தில் இதே மாதிரி ஒரு தராசு. கொக்கியில் துணித்தூளி. தூளிக்குள் இரண்டு காலையும் உதைத்து ஊரைக் கூப்பிடும் ஒரு பெண்குழந்தை. அதற்குக் கீழே துண்டை விரித்துக்கொண்டு அவர்.

எண்களை வாய்விட்டுச் சொல்லாத மனிதர். ஒன்று என்றுகூடச் சொல்லமாட்டார்.

மாட்டுத் தரகர் அவர். மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற விதம் தெரிந்திருக்கும்: வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். பிடித்த விரல்தான் விலை. மேலே இரண்டு முகமும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், கீழே இரண்டு கையும் மாட்டை விற்றுக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. மற்ற தரகர்கள் சந்தை கலைந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நம்மைப்போல் ஆகிவிடுவார்கள். இவருக்குச் சந்தை கலையவே இல்லை.

உத்திரமேரூர் பஸ்ஸில் இது தினம் ஒரு கூத்து.

"எத்தினி டிக்கெட்டு?" என்பார் கண்டக்டர்.

இவர் துண்டை நீட்டுவார்.

"யோவ் தரகரே, இது பஸ்ஸு. சந்த இல்ல. வாயத் தொறந்து சொல்லு."

"கைய குடு, சொல்றேன்."

"நான் இன்னா உங்கிட்ட மாடா வாங்கறேன்?"

பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். கடைசியில் பின்சீட்டிலிருந்து யாராவது, "ரெண்டு கிழிய்யா, பொண்டாட்டி பின்னாடி குந்திகினு கீது," என்று சொன்னால்தான் வண்டி நகரும். டீக்கடையிலும் அப்படித்தான். எத்தனை இட்லி என்று கேட்டால், "வெச்சிக்கினே இரு, நானு கைய மறிக்கறேன்," என்பார். வயசு கேட்டால், மாட்டுக்குச் சொல்வதுபோல், "பல்லு சேந்து நாளாச்சி." புள்ளைங்க எத்தனை என்ற கேள்விக்கு மட்டும் துண்டும் வராது, பதிலும் வராது. ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகிற தடத்தில், உள்ளே ஒதுங்கிய ஊர் அது. எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பால்வாடியில் வேலை. பயிற்சி முடித்த சூடு உடம்பில் இருந்தது. மாதம் ஒரு நாள் குழந்தைகளை எடை போட வேண்டும். அன்றைக்கே தாய்மார் கூட்டம். எடையைத் தெளிவாக, உரக்கச் சொல்ல வேண்டும், அப்போதுதான் தாய்க்கு மனதில் பதியும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சொன்னேன். முதல் மாதம் வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. நான் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எட்டு கிலோ! ஒன்பதரை! பலே!" என்று பாடாத குறை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வீடு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மறுநாள் ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு வந்து வாசலிலேயே நின்றாள். "ஒரு கைப்பிடி மொளகா எரிச்சேன் டீச்சர். ஒரு கமறல் இல்ல, ஒரு தும்மல் இல்ல. அவ்ளோ கண்ணு பட்டுகீது எம்புள்ளைக்கி." நெடி வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஊரில் ஒரு வீட்டிலும் வரவில்லையாம்.

அடுத்த மாதம் தராசைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று மட்டும் தூளியில் ஏறி ஆடிக்கொண்டிருந்தது. சத்துமாவு உருண்டைகளைச் சுற்றி எறும்புகள் கூட்டம் போட்டன.

வெயில் ஏறியதும் அவர் வந்தார். குழந்தையைக் கொண்டுவரவில்லை. வாசல்படியில் குந்தினார்.

"இன்னா டீச்சரம்மா, போணி ஆவலியா?"

"யாரும் வரலைங்க."

"எப்டி வரும்? கெயட்டு மாட்டுக்குக் கூட வெலைய கத்த மாட்டான் சந்தையில. நீ புள்ளைய கொக்கியில மாட்டி, ஆட்டி, இவ்ளோ அவ்ளோன்னு கத்திக்கினு கீறே. கண்ணு வெக்கறவன் கேட்டா இன்னாத்துக்காவும்?"

"எடை தெரியணும் இல்லைங்களா? தெரிஞ்சாத்தானே என்ன சாப்பாடு குடுக்கணும்னு சொல்ல முடியும்?"

"தெரியட்டும். பெத்தவளுக்குத் தெரியட்டும். ஊருக்கு எதுக்கு?" சொல்லிவிட்டு, நாற்பது சந்தைகளின் பழக்கத்தில், துண்டை விரித்துக் கையை என் பக்கம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. கல்யாணமாகாத டீச்சர் கை. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இழுத்த வேகத்தில் துண்டு போய் உருண்டைகள்மேல் விழுந்தது.

மறுநாள் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். இடுப்பில் குழந்தை. பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, குப்பு என்று பேர் வைத்திருந்தார்கள். இதை எவனும் விரும்பமாட்டான் என்று எமனை நம்பவைக்கிற பேர்.

"எங்க, இந்த எலிய மாட்டு," என்றார் அவர். தன் குழந்தையைப் 'பொண்ணு' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. எலி. ஓணான். தேவலையான நாட்களில், சனியன்.

ஏற்பாடு இப்படி ஆயிற்று. நான் எடை பார்ப்பேன். என் முந்தானைக்கு அடியில் அவர் மனைவியின் வலது கையைப் பிடிப்பேன். முழுக் கை ஐந்து கிலோ, அதற்குமேல் விரலுக்கு ஒரு கிலோ, நடுக்கணுவை அழுத்தினால் அரை. அவள் இடது கை அவருடைய துண்டுக்கு அடியில் இருக்கும். நான் சொன்னதை அவள் அங்கே சொல்வாள். மூவரும் மழையைப் பற்றிப் பேசுவோம்.

"ஏரி ரொம்புமா டீச்சரம்மா?"

"ரொம்பும்னுதான் தோணுதுங்க."

குப்பு தலைக்குமேல் தொங்கிக்கொண்டு கத்தும்.

இது எப்படி ஊருக்குள் போயிற்று என்று தெரியாது. அடுத்த மாதம் தாய்மார் வந்தார்கள். அவர்கள் தனியாக வரவில்லை என்பதுதான் விசேஷம். துண்டு என்று ஒன்று வந்ததும் புருஷன்மார்களுக்கு அது தங்கள் சமாச்சாரம் ஆகிவிட்டது. வந்தார்கள். மருமகள் கை சொன்னதை மாமியார் நம்பவில்லை, தன் கைக்குத் தனியாக வேண்டும் என்றாள். தாய்மாமன் ஒருவர் சீர் கொண்டு வருகிறவர்போல் வெள்ளை வேட்டியில் வந்து, எனக்கும் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு குழந்தையின் எடை முந்தானையிலிருந்து துண்டுக்கு, துண்டிலிருந்து இன்னொரு முந்தானைக்கு என்று ஊர்ந்து ஊர்ந்து அந்த வீட்டு வரிசை முழுக்கப் போய்ச் சேரும். ஒருவர் வாயும் அதைப் பற்றிப் பேசாது. அவ்வளவு பேரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். அந்த வருஷம் எங்கள் ஊரில்தான் மழை அதிகமாகப் பேசப்பட்டிருக்கும்.

அவரோ அந்தக் கூட்டத்தில் அரசர். சத்துமாவு எப்படி வறுத்து அரைப்பது என்று நான் செய்துகாட்டினால், ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்று, கண்ணை மூடி, "வேர்க்கல்ல கீது, கேவுரு கீது, வெல்லம் கீது. புண்ணாக்கு எங்க? அது இருந்தாத்தான் தோலு மினுமினுக்கும்," என்பார்.

"உன் வாயில வை புண்ணாக்க!" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்.

பக்கத்து வீட்டுக் குழந்தையின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். உச்சந்தலையைத் தடவிச் சுழி பார்ப்பார். "நல்ல சுழி. இது வந்த வூடு செழிக்கும்," என்று சொல்லி, குழந்தையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். நடந்து காட்டு என்று அர்த்தம். அந்தக் குழந்தையின் பாட்டி ஒருமுறை விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். "எம்பேரன சந்தைக்கா ஓட்டிக்கினு போற?"

மேற்பார்வை அம்மா ஜீப்பில் வந்து இறங்கியது இப்படி ஒரு நாளில்தான். உள்ளே ஆண்களும் பெண்களுமாக நெருங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடிக் கைக்கும் ஒரு துண்டு. பேச்சுமூச்சில்லை. அந்த அம்மா செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன வியாபாரம் நடக்குது இங்க?"

"வியாபாரம் இல்லீங்கம்மா," என்று எழுந்தார் இவர். "புள்ளைங்களப் பத்திப் பேசிக்கினு கீறோம்."

"பேச்சே கேக்கலையே?"

"கேக்கக் கூடாதுன்னுதாங்க பேசறோம்."

நான் விளக்கினேன். நம்பவில்லை. முந்தானைக்குள் அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஒரு குழந்தையின் எடையைச் சொன்னேன். ஐந்துக்குமேல் மூன்றாவது விரலில் கூச்சம் தாங்காமல் அந்த அம்மா சிரித்த சிரிப்பில், தூளியில் இருந்த குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. போகும்போது, "மத்த ஊர்ல அம்மாக்களையே பிடிச்சு இழுத்து வரணும். இங்க மாமனெல்லாம் வர்றான்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

சிரிப்பாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். மழைக்காலம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

குப்புவுக்குப் பேதி. விடாமல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தபோது குழந்தையின் கண் மட்டும் பெரிதாக இருந்தது. அந்த மாதம் தூளியில் வைத்தேன். கிறீச் என்ற சத்தமே மெலிந்திருந்தது. எட்டு கிலோ இருந்த குழந்தை, ஏழு. ஏழு என்பது, அந்த வயதுக்கு, என் எடை அட்டையில் ஆபத்து என்கிற சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

முழுக் கை. இரண்டு விரல். அவள் கையில் அழுத்தினேன். அவள் கண் என் கண்ணில் ஒரு கணம் நின்றது. பிறகு அவருடைய துண்டு அசைந்தது.

"மழ வுட்ட மாரிதான் கீது," என்றார் அவர்.

"வுட்டுடுச்சி," என்றாள் அவள்.

மறுநாள் கைப்பம்பில் குடத்தை வைத்துவிட்டு அடிக்காமலே நின்றாள். "ஒரு வெரல் ஜாஸ்தி புடிச்சிட்டேன் டீச்சர். எட்டுன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா? வீட்டுல தெரிஞ்சாத்தானே கவனிக்க முடியும்?"

"மொதப் புள்ளைக்கி ஒரு வயசு ஆச்சின்னு சந்த பூரா சொல்லிக்கினு வந்தாரு. ஒரு வயசு, ஒரு வயசுன்னு, பாக்கறவன் கிட்டல்லாம். அந்த வாரமே போயிடுச்சி. அப்பால அந்த மனுசன் வாயில கணக்கே வரல. இப்ப இதையும் சொன்னேன்னு வையி..." குடத்தைப் பார்த்தாள். "இன்னா குடுக்கணும், சொல்லு. நானே பாத்துக்கறேன்."

மாவைக் கஞ்சியாக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. பால். பால்தான் சிக்கல். வீட்டில் கறவை இருந்தது, ஆனால் பால் முழுக்க சொசைட்டிக்கு. அளவு குறைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"ஒரு டம்ளர் எடுத்துக்கினு ஒரு டம்ளர் தண்ணி ஊத்திடறேன்," என்றாள். நான் பம்பை அடித்தேன். நல்ல சத்தம் போடுகிற பம்பு அது. எனக்குக் காது கேட்கவில்லை.

அந்த வாரமே அவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. உள்ளே இருக்கும் என்னிடம் பேசுவதாக யாரும் சொல்ல முடியாது.

"எலி எளைச்சிப் போனா இன்னா குடுக்கணும் டீச்சரம்மா?"

"எந்த எலிங்க?"

"எலின்னா எலிதான்." ரோட்டில் போன ஒரு சைக்கிளைக் கண்ணால் அனுப்பிவைத்தார். "அவ கை பொய் சொல்லும்போது வேர்க்கும். கல்யாணம் ஆன நாளா தெரியும் எனுக்கு."

"அப்ப நேரா அவங்களையே கேக்கறதுதானே?"

"கேட்டுட்டா அப்பால அந்தக் கை எங்கிட்ட எதுவுமே சொல்லாது." துண்டை முகத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டார். "அவளுக்குத் தெரிய வோணாம். பாலுல ஒரு டம்ளரு எடுத்துக்கறேன். பதிலுக்குத் தண்ணி ஊத்திக்கலாம்."

பேச்சுவாக்கில் 'ஒரு' என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதை அவரே கவனிக்கவில்லை.

நானோ இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் விடியலில் மாட்டுக்கொட்டகையில் குழந்தைக்குப் பால் புகட்டிவிட்டு அவர் எழுவதற்குள் வாயைத் துடைத்துவிடுவாள். அவள் களையெடுக்கப் போனதும் இவர் அதே கொட்டகையில் கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டு வாயைத் துடைத்துவிடுவார். பால்குடத்தில் அவர் பங்குக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர். குழந்தைக்கு இரண்டு ரகசியம், இரண்டு சாப்பாடு. பேசத் தெரியாத வயது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்குமா? சொல்லியிருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு குறைந்திருக்கும்.

வெடித்தது ஒரு காலையில், பால்வாடி வாசலில்தான். சொசைட்டிக்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாயைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"இன்னா தரகரே, மாட்ட ஏரியில நிக்கவெச்சிக் கறக்கறியா? கொழா நேரா அடியில போயி குந்திக்குது!"

தரகர் தொண்டையைக் கனைத்தார். குழந்தையோடு அவள் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"நாந்தான் ஊத்துனேன்," என்றார் அவர்.

"நாந்தான் ஊத்துனேன்," என்றாள் அவள், அதே மூச்சில்.

தெரு நின்றது.

"ஏம்மே நீ ஊத்துனே?"

"குப்புக்கு எடுத்தேன், அதுக்கு ஊத்துனேன். நீ எதுக்குய்யா ஊத்துனே?"

"நானும் அந்த எலிக்குத்தான்."

"அய்ய, அப்ப இது நாளெல்லாம் ரெண்டு டம்ளரா குடிச்சிக்கினு கீது?" என்று இடுப்பில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். அது ஏப்பம் விட்டது.

"அப்ப எனுக்கு இத்தினி நாளா ஊத்துனது கெணறா?" என்றார் சொசைட்டிக்காரர்.

அவள் முகம் மெதுவாக மாறியது. "அப்ப உனுக்குத் தெரியுமாய்யா?"

அவர் துண்டை எடுத்து விரித்தார். கையை உள்ளே விட்டு நீட்டினார். அவள் தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையைக் கொடுத்தாள். துண்டு கொஞ்சம் அசைந்தது. முழுக் கையா, எத்தனை விரலா, எங்களில் யாருக்குத் தெரியும்? அவள் குபுக்கென்று சிரித்து, சிரிப்பு பாதியில் உடைந்து, இன்னொரு கையால் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த அடியில்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப்பிறகு காலைப்பால் வீட்டிலேயே தங்கியது. குப்பு ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக, அடம்பிடித்துக்கொண்டு ஏறியது. சிவப்புக் கோட்டைத் தாண்டிய மாதம் அவர் தராசையே சந்தேகப்பட்டு, கொக்கியைத் தட்டிப் பார்த்தார்.

அடுத்த கோடையில் எனக்கு மாற்றல் வந்தது. பெட்டியோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். போன வாரம்தான் கடைசி எடை பார்த்து, முந்தானைக்கு அடியில் சொல்லியிருந்தேன். வண்டி கிளம்புகிற நேரம், குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் ஓடிவந்தார். பின்னால் மூச்சிரைக்க அவள். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். வாய் திறந்தார், மூடினார். கை தானாகத் துண்டுக்குப் போயிற்று.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஜன்னல் கம்பி. அவள் கை எட்டவில்லை.

கண்டக்டர் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷச் சண்டை அவர் முகத்தில் இளகியது. "சரி, இன்னிக்கு ஒரு நாளு உன் துண்டுல நானே கைய வுடறேன் தரகரே. குடு. எத்தினி டிக்கெட்டு?"

"டிக்கெட்டு இல்லபா," என்றார் அவர். துண்டை உருவிக் குப்புவின் தலையில் முக்காடு போட்டார். வண்டி நகர்ந்தது. கூடவே நடந்தார், பிறகு ஓடினார்.

"யோவ், மெதுவாய்யா, ஊரே பாக்குது!" என்று அவள் பின்னால் கத்தினாள்.

"பாக்கட்டும்மே!" என்றார். என்னைப் பார்த்து, பஸ் முழுக்க, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"பத்தர கிலோ டீச்சரம்மா! எம்பொண்ணு பத்தர கிலோ!"